பந்தியில் தெரியும் உபதேசம்

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் ‘கள்ள உபதேசம்’ என்று பேச்செடுத்தால் விரல் உடனே வெளியே நீளும். பக்கத்துத் தெருவில் வாடகைக் கட்டடத்தில் புதிதாகச் சபை தொடங்கியவர், டி.வி.யில் எண்ணெய் ஜெபித்து அனுப்புகிறவர், யூடியூபில் வருகையின் நாளைக் கணக்குப் போட்டுச் சொல்கிறவர் என்று வரிசையாக வரும். லுத்தரன்காரர் பெந்தெகொஸ்தேயைச் சொல்வார். பெந்தெகொஸ்தேக்காரர் ‘பாரம்பரிய சபை’களைச் சொல்வார். கத்தோலிக்கரைச் சொல்லும்போது மட்டும் இருவரும் ஒன்றுசேர்வார்கள். தன் சபையைச் சொல்கிற ஆள் கிடைப்பது அரிது.

ஆனால் இந்தக் கடற்கரையின் முந்நூறு ஆண்டுத் திருச்சபைக் கதையைப் படிக்கிறவருக்கு வேறொன்று கண்ணில் படும். இங்கே மிக நீண்ட காலம் நிலைத்து, மிக அதிகமான விசுவாசிகளைக் காயப்படுத்திய தவறான போதனை எந்தப் புதுச் சபையும் கொண்டுவந்ததில்லை. அது முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. கிறிஸ்துவின் பந்தியிலும் சாதி பார்க்கலாம் என்பதே அந்தப் போதனை. யாரும் அதைப் பிரசங்க மேடையில் நின்று உபதேசிக்கவில்லை. உட்காரும் இடத்தில், கிண்ணம் வரும் வரிசையில், பிணம் போகும் தெருவில் அது கற்பிக்கப்பட்டது. சபைக்குள் தவறான உபதேசம் இருக்கும்போது விசுவாசத்தில் நிலைத்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு, அந்த நிலையில் வாழ்ந்து காட்டியவர்களின் வழியே பதில் தேடுவதுதான் சரியாக இருக்கும்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் கள்ளப்போதகர் என்று திட்டிக்கொண்ட வரலாறு தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் வயதை ஒட்டியது. 1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு அங்கே இறங்கினார். 1714–15இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டுப் பகுதிகள் அச்சாகி வெளிவந்தன. கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் இருந்த கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் சும்மா இருக்கவில்லை. தேம்பாவணி பாடிய அதே கை ‘வேத விளக்கம்’, ‘பேதகம் மறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று அடுத்தடுத்து எழுதியது. லுத்தரன்காரர்கள் அவருக்குப் பேதகர்கள். தரங்கம்பாடித் தரப்புக்கு ரோமைச் சபை மனிதக் கட்டளைகளின் குவியல். நற்கருணை, மரியாள், புனிதர், பாப்பு என்று வாதம் ஓடியது. தமிழ் உரைநடைக்கு அந்தச் சண்டையால் லாபம்தான். ஆனால் கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதில் இரு தரப்பின் நடைமுறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. தரங்கம்பாடி லுத்தரன் கோயிலில் வெள்ளாளர் ஒருபுறம், பறையர் ஒருபுறம், இடையில் இடைவெளி. திருவிருந்துக்கு ஒரு காலத்தில் கிண்ணமும் இரண்டு.

இந்தச் சண்டைக்கு நடுவே நின்ற ஒருவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பெயர் ராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் சேவகர், பிறப்பால் பறையர், கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. படித்தார். அதுவரை கேட்டு வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபைக்கு வந்து உபதேசியாராகி, தஞ்சைச் சீமையில் பல பத்தாண்டுகள் உழைத்தார். எந்தச் சபையிலிருந்து எந்தச் சபைக்குப் போனார் என்பதைவிட, பெரிய பண்டிதர்கள் இரு பக்கமும் நின்று முழங்கிக்கொண்டிருக்க, ஒரு படைவீரர் தானே எழுத்துக்கூட்டிப் படித்து முடிவெடுத்தார் என்பதே நமக்கு முக்கியம். அப்போஸ்தலர் நடபடிகளில் பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்ததாக வருகிறது. தமிழ்நாட்டின் பெரோயாக்காரர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன்.

பிறகு நடந்ததுதான் வேதனை. 1733 டிசம்பர் 28இல் தரங்கம்பாடி மிஷன் முதல் இந்தியக் குருவுக்கு அபிஷேகம் செய்தது. அவர் ஆரோன், நம் கடலூர்க்காரர். வணிகக் குடும்பத்தில் பிறந்த வெள்ளாளர். 1717இல் கடலூரில் மிஷன் திறந்த பள்ளியில் படித்து, மறு ஆண்டு சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்றவர். நல்ல ஊழியர், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த குரு யார் என்ற கேள்வி வந்தபோது ராஜநாயக்கனின் பெயர் பேச்சில் இருந்தது. அறிவு, அனுபவம், சாட்சி எதிலும் அவருக்குக் குறையில்லை. ஆனால் அவர் கையால் கொடுக்கும் இராப்போஜனத்தை வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741இல் தியோகு என்பவர் குருவானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து 1771இல் இறந்தார்.

விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்று கற்பித்த சபை அது. அந்த உபதேசத்தைப் பிழையில்லாமல் தமிழில் அச்சடித்தது. அச்சடித்த கையே இன்னொரு பக்கம், பிறப்பும் கொஞ்சம் வேண்டும் என்று எழுதிவிட்டது. நம்முடைய கேள்வியின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். தவறான போதனை என்றால் தவறான வாக்கியம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். வாக்கியம் சரியாக இருந்து நடைமுறை வேறொன்றைக் கற்பித்தால், சபையார் கற்றுக்கொள்வது நடைமுறையைத்தான்.

கத்தோலிக்கத் தரப்பின் கதை மதுரையில் தொடங்கினாலும் இந்தக் கடற்கரைக்குத்தான் வந்து சேர்ந்தது. 1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு, தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் இவையெல்லாம் குலவழக்கம், சமயக் குற்றமல்ல என்று வாதாடினார். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. தமிழர் கிறிஸ்தவராவதற்குப் போர்த்துக்கீசியராக வேண்டியதில்லை என்று முதலில் உரக்கச் சொன்னவர் அவர். ஆனால் பூணூல் குலவழக்கம் என்றால் தீண்டாமையும் குலவழக்கம்தானே என்ற இடத்துக்கு அது வழுக்கிச் சென்றது. உயர்சாதிக்குச் சந்நியாசிக் குருக்கள், மற்றவர்க்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களே இரு வகையானார்கள். 1704இல் புதுச்சேரிக்கு வந்திருந்த பாப்புவின் தூதர் தூர்னோன், சேசு சபையாரின் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்து ஆணையிட்டார். நோயுற்ற பறையரின் வீட்டுக்குள்ளேயே குரு சென்று திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இப்படியொரு ஆணை தேவைப்பட்டது என்பதே அன்றைய நிலையைச் சொல்லும். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744இல் பாப்பு பதினான்காம் ஆசீர்வாதப்பரின் இறுதி ஆணை வந்தது. அதையொட்டிப் பறையருக்கெனத் தனிக் குருக்கள் என்ற ஏற்பாட்டுக்கு வழி செய்யப்பட்டது. ரோமாபுரியின் ஆணையும் தெருவைத் தாண்ட முடியாமல் சமரசத்தில் முடிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேள்வி நேரடியாகவே எழுந்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் பெரும் கொந்தளிப்பு. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் நம் எல்லோருக்கும் பிரியமான கவிஞர் வேதநாயக சாஸ்திரியார். புதிய மிஷனரிகள் மேல் அவருக்கு நான்கு மனக்குறைகள் இருந்தன: வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், தமிழ்க் கீர்த்தனைகளைக் கோயிலிலிருந்து ஒதுக்குகிறார்கள், திருமணத்திலும் சாவிலும் பூமாலையைத் தடுக்கிறார்கள், சாதிகளை ஒன்றாக உட்காரவைத்து உண்ணச் சொல்கிறார்கள். கீர்த்தனையிலும் பூவிலும் சாஸ்திரியார் சொன்னதே சரி என்பது என் எண்ணம். மொழிபெயர்ப்பில் பாதி சரி. நான்காவதில் அவர் சறுக்கினார். மரபைக் காத்தவர், மரபுக்குள் ஒளிந்திருந்த விஷத்தையும் சேர்த்துக் காத்தார். பக்தியில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் சரியாக இருப்பார் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று நம் அபிமானப் பிரசங்கியாரைப் பற்றி யாராவது குறை சொன்னால் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று பாய்கிறோமே, அதற்கும் இங்கே பதில் இருக்கிறது.

எதிர்த்தரப்பு மிஷனரிகளும் சுத்தமானவர்கள் என்று சொல்வதற்கில்லை. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, மற்ற சாதியாரோடு சேர்ந்து உண்ண மறுப்பவர் சாதியை விட்டவராகக் கருதப்படமாட்டார் என்று தீர்மானித்தது. பந்தியே சோதனையானது. ஆனால் தமிழரைச் சமபந்திக்கு அழைத்த வெள்ளைக்காரர்களில் எத்தனை பேர் தங்கள் பங்களா மேசையில் தமிழ் உபதேசியாரைச் சமமாக உட்காரவைத்தார்கள் என்று கேட்ட தமிழர்களின் வாயை அவர்களால் அடைக்க முடியவில்லை.

அந்த 1850 தீர்மானத்தோடு சேராமல் நின்றது லைப்சிக் லுத்தரன் மிஷன். அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் சாதாரண ஆள் இல்லை. தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். சாதி தமிழரின் சமுதாய ஒழுங்கு, சுவிசேஷம் புளித்த மாவைப்போல மெதுவாக உள்ளிருந்து அதை மாற்றட்டும், அந்நியர் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் வாதம். பண்பாட்டின் மேல் அவருக்கிருந்த மதிப்பு உண்மையானது. ஆனால் யாருடைய பண்பாடு, யார் விலை கொடுப்பது என்ற கேள்வி அதில் இல்லை. புளிக்கும்வரை காத்திருக்கச் சொல்வது, தரையில் உட்கார்ந்திருப்பவரிடம்தானே?

அவருடைய மிஷனிலேயே கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. 1840களில் வந்து மாயவரம் பக்கத்தில் உழைத்தவர். சாதியை விடாதவருக்குக் குருப்பட்டம் கொடுக்கக் கூடாது என்று மல்லுக்கு நின்று, கடைசியில் லைப்சிக் மிஷனைவிட்டே விலகினார். 1860களின் தொடக்கத்தில் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே, நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஒரு மிஷன் நிலையம் அமைத்து அதற்குப் பெத்தானியா என்று பெயர் வைத்தார். கையில் காசில்லை, பின்னால் சங்கமில்லை. டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்துகொண்டது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதாவது, இந்த மாவட்டத்தின் பெரிய புராட்டஸ்டண்ட் சபைகளில் ஒன்று, ‘சாதி ஒரு தவறான போதனை’ என்று ஒருவர் சொல்லி வெளியேறியதால் பிறந்தது. அந்தச் சபையின் பிள்ளைகளுக்கே இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஓக்ஸ் உழைத்த மாயவரத்தை ஒட்டிய ஆனந்ததாண்டவபுரத்தில்தான் அதே காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரம் பாடிக்கொண்டிருந்தார். சிதம்பரத்துக்குள் நுழைய முடியாமல் நின்ற ஒருவரின் கதை வீதிதோறும் பாட்டாக ஓடிய அந்த ஆண்டுகளில், அதே வட்டாரத்து லுத்தரன் மிஷனும் அதே கேள்வியில் இரண்டாக உடைந்துகொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்களா என்பது இருக்கட்டும். காற்றில் கேள்வி ஒன்றாகவே இருந்தது.

கடலுக்கு அப்பால் பார்த்தால் கதை இன்னும் துலங்கும். 1857இல் தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபையின் சினாடு, வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, தனித்தனியாகத் திருவிருந்து எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தது. சலுகைதான், உபதேசமே இல்லை. 1881இல் நிறத்தவருக்குத் தனிச் சபையே உண்டானது. அடுத்த நூற்றாண்டில் அதே சலுகை, இனப்பிரிவே தேவனுடைய சித்தம் என்று பிரசங்கிக்கிற அளவுக்கு வளர்ந்தது. 1977இல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம், இனஒதுக்கலை நிராகரிப்பது விசுவாச அறிக்கையைச் சார்ந்த விஷயம் என்று அறிவித்தது. 1982இல் ஒட்டாவாவில் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டணி ஒரு படி மேலே போய், இனஒதுக்கலுக்கு வேத ஆதாரம் காட்டுவது வேதப்புரட்டு என்றே சொன்னது. 1984இல் லுத்தரன் சம்மேளனம் இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்பினர் உரிமையை நிறுத்திவைத்தது. பலவீனருக்குக் காட்டிய தயவு 1857இல் எங்கே கிளம்பி எங்கே வந்து சேர்ந்தது என்று பாருங்கள். தரங்கம்பாடியின் இரண்டு கிண்ணமும் அதே வகைத் தயவுதான். தவறான உபதேசம் எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த வழியைத்தான் காட்டுவேன்: முதலில் தாட்சண்யம், பிறகு வழக்கம், பிறகு வசனம்.

சாதி மட்டும்தான் என்று முடித்துவிட முடியாது. சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் வழியில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. டேனிஷ் மிஷனின் ஆசிரியையாக வந்த ஆன் மேரி பீட்டர்சன் 1917இல் தோழி எஸ்தர் ஃபேரிங்கோடு அகமதாபாத்துக்குப் போய்க் காந்தியைப் பார்த்தார். பிரிட்டிஷ் ஆட்சியில் ஊழியம் நடத்தும் மிஷனுக்கு இது பிடிக்கவில்லை. காந்தியோடு தொடர்பு கூடாது என்று நெருக்கடி வர, எஸ்தர் 1919இல் மிஷனைவிட்டு விலகினார். பீட்டர்சனும் வெளியே வந்தார். பரங்கிப்பேட்டையில் பெண்களுக்காகச் சேவா மந்திர் பள்ளியைத் தொடங்கினார். 1921இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். பீட்டர்சன் லுத்தரனாகவே வாழ்ந்தார், லுத்தரனாகவே 1951இல் இறந்தார். சர்க்காருக்கு விசுவாசமாக இருப்பது கிறிஸ்துவுக்கு விசுவாசமாக இருப்பதன் ஒரு பகுதி என்று சபைக்குள் சொல்லாமல் சொல்லப்பட்ட பாடத்தை மட்டும் அவர் கற்க மறுத்தார். இதே வகைப் பாடத்தை எதிர்த்துத்தான் 1934இல் ஜெர்மனியில் பார்மன் அறிக்கை எழுந்தது. பரங்கிப்பேட்டை அதற்குப் பல ஆண்டு முந்தியது.

இனி நம் காலம். பாண்டிச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூர், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. பழைய, பெரிய கத்தோலிக்க ஊர். வன்னியர், தலித் இரு தரப்பும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே ஜெபமாலை சொல்கிறவர்கள். ஆனால் தலித் கிறிஸ்தவரின் சவ ஊர்வலம் கோயிலுக்குச் செல்லும் பெரிய தெருவில் போகக் கூடாது என்பது வழக்கம். தலித் மக்கள் தங்கள் பகுதியில் சகாய மாதா கோயில் எழுப்பி, அதைத் தனிப் பங்காக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது; வீடுகள் சூறையாடப்பட்டன; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. தூர்னோனின் ஆணையிலிருந்து எண்ணினால் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள்.

எறையூர் தலித் மக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் மதம் மாறுகிறோம் என்று மிரட்டியிருக்கலாம். பக்கத்தில் வேறு சபைகளும் இருந்தன. அவர்கள் கேட்டதோ அதே மறைமாவட்டத்துக்குள் ஒரு பங்கு. சபையின் நடைமுறை பொய்யானபோது சபையின் விசுவாசத்தை அவர்கள் கைவிடவில்லை. அந்த விசுவாசத்தின் பெயராலேயே நடைமுறையைக் குற்றம் சாட்டினார்கள். நிலைத்திருத்தல் என்பதற்கு இதைவிடக் கடினமான உதாரணம் எனக்குத் தெரியாது.

வெளியேறியவர்களையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளியேறுவது ஓக்ஸுக்கு அமைந்ததுபோல எல்லாருக்கும் அமைவதில்லை. நெல்லைச் சீமையில் சட்டம்பிள்ளை என்ற அருமைநாயகம், மிஷனரிகளின் அதிகாரத்தையும் கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி இழிவாக எழுதியதையும் எதிர்த்து, 1857இல் இந்துக் கிறிஸ்தவ சபை என்று தனிச் சபை கண்டார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் நியாயமாக இருந்ததால் அடுத்து எழுதிய சட்டங்கள் எல்லாம் நியாயமாகிவிடுமா? வெள்ளைக்காரர் வழக்கத்தை உதறிய வேகத்தில், பழைய ஏற்பாட்டுச் சடங்குகளையும் சனிக்கிழமை ஓய்வுநாளையும் சபையின் தலையில் ஏற்றினார். இன்னொரு கிளை: 1860இல் சுவிசேஷகர் அருளப்பனின் கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கிய எழுப்புதல் திருவிதாங்கூருக்குப் பரவியது. அங்கே யுஸ்துஸ் யோசேப்பு என்ற குரு 1875இல் சபையைவிட்டு வெளியேறி, 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்து போனது. அதற்குப் புது விளக்கம் சொல்லி யுயோமயம் என்ற சபை நடந்தது. தேதி சொன்னவர் தோற்றதும் ‘நான் ஏமாந்தேன்’ என்பதில்லை; ‘அது ஆவிக்குரிய விதத்தில் நிறைவேறிவிட்டது’ என்பார். 2011 மே 21 என்று நாள் குறித்த அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங்கும் முதலில் அதே பாதையில்தான் நடந்தார். பின்னர் 2012இல் அது பாவம் என்று ஒப்புக்கொண்டார். அந்த மட்டில் அவர் மேல்.

இத்தனையும் சொன்ன பிறகு டி.வி. பிரசங்கியாரிடம் வரலாம். செழிப்பு உபதேசம் தமிழில் பிறந்ததில்லை; அமெரிக்காவில் கென்னத் ஹேகின் போன்றோரின் வழியாகப் பரவி, கேசட்டிலும் கேபிளிலும் இங்கே இறங்கியது. விதைக் காணிக்கை போடு, நூறத்தனை அறுப்பாய். போட்டும் அறுக்கவில்லையா, உன் விசுவாசம் குறைவு. எந்தப் பக்கம் விழுந்தாலும் பிரசங்கியாருக்கு நட்டமில்லாத கணக்கு இது. 2010 கேப்டவுன் லொசேன் மாநாடு போன்ற சுவிசேஷப் பேரவைகளே இதைக் கண்டித்துவிட்டன. இதைச் சோதிக்கப் பெரிய இறையியல் தேவையில்லை. முதல் நூற்றாண்டை ஒட்டி எழுந்த ‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’ என்ற சின்ன நூல் 1873இல் கையெழுத்துப் பிரதியாகக் கிடைத்தது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளன், ஆவியில் பேசுகிறேன் என்று பணம் கேட்டாலும் கள்ளன், ஏழைகளுக்காகக் கேட்டால் மட்டும் குறை சொல்லாதே என்று அது வழி சொல்கிறது. சபை பிறந்து நூறு ஆண்டுக்குள்ளேயே இதற்கு விதி எழுத வேண்டியிருந்தது என்றால் நோயின் வயதைப் பாருங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. கடலூர்க்காரர் அதைக் காதால் கேட்டவர்கள். 2004 டிசம்பர் 26 அலை தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் கிள்ளைக் கரையிலும் உயிர்களை அள்ளிப்போன பிறகு, இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பேசிய பிரசங்கிகள் இருந்தார்கள். லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தால், சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு வெட்டிவிடுகிறார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்கும் எட்டும் சோதனை இது. மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், குடும்பத்தாரிடமிருந்து பிரிக்கிறவர், தரிசனம் கண்டேன் என்று கல்யாணம் முடிவு செய்கிறவர் எல்லாரையும் இப்படிப் பக்கம் திருப்பிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

ஆனால் பக்கம் திருப்பிப் பார்க்க, எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். முன்பு திடப்படுத்தலுக்கு முன்னால் லூத்தரின் ஞானோபதேசத்தைப் பத்துக் கட்டளை முதல் திருவிருந்து வரை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். இன்று பல சபைகளில் அது கோடை விடுமுறையில் சில வார வகுப்பாகச் சுருங்கிவிட்டது. ஞானோபதேசம் அறியாத பிள்ளைக்கு யூடியூபில் முதலில் வந்தது உபதேசமாகிவிடும். குற்றம் யூடியூபின் மேல் மட்டுமில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதங்கள் போகின்றன. எபேசு சபை, தங்களை அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சோதித்துப் பொய்யர் என்று கண்டுபிடித்ததற்காகப் பாராட்டுப் பெறுகிறது. ஆதி அன்பை விட்டதற்காக அதே மூச்சில் திட்டும் வாங்குகிறது. தியத்தீரா சபைக்கு அன்பு நிறைய இருக்கிறது, பொய்த் தீர்க்கதரிசினியையும் பொறுத்துக்கொண்டிருக்கிறது. நம்மூரில் இரண்டுமே உண்டு. வேதப்புரட்டுகளைப் பட்டியல் போட்டுச் சுற்றறிக்கை அனுப்பும் எபேசுக்காரர், சபையில் பின்வரிசையாரின் வீட்டுச் சாவுக்குப் போகமாட்டார். எல்லாரையும் அணைத்துக்கொள்ளும் தியத்தீராக்காரர், கன்வென்ஷன் பேச்சாளர் சொன்னதைக் கேள்வி கேட்பது அன்பில்லாத செயல் என்பார்.

எப்போது உள்ளே இருப்பது, எப்போது வெளியே போவது? இதற்குச் சூத்திரம் கிடையாது. ஓக்ஸ் போனார், ராஜநாயக்கன் இருந்தார், இருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தவறைத் தவறு என்று சொல்ல இடமிருக்கும்வரை இருக்கலாம். தவறை உபதேசமென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னால் போய்விடலாம். போகிறவர் தனியாகப் போகக் கூடாது, தன்னையே குருவாக்கிக்கொண்டும் போகக் கூடாது. சட்டம்பிள்ளையும் யுஸ்துஸ் யோசேப்பும் தங்களைத் திருத்த ஒருவரையும் மேலே வைத்துக்கொள்ளவில்லை. வழக்குமன்றத்தை நம்புவதிலும் பயனில்லை. இந்த மாவட்டம் 1869இலேயே மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வள்ளலார்–நாவலர் வழக்கைப் பார்த்தது. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்பதை நீதிபதி தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. சபைச் சொத்து வழக்குகள் இன்று கோர்ட்டில் குவிந்திருப்பதால், நாற்காலியை வென்றவரே சத்தியத்தையும் வென்றவர் என்ற மயக்கம் பரவியிருக்கிறது.

உங்கள் சபையின் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். வந்துபோன கன்வென்ஷன் பேச்சாளருக்குக் கொடுத்த தொகை உட்பட வரவு செலவு முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். அதே கூட்டத்தில் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். அங்கே யாருக்கு எந்தப் பக்கம் என்று ஒரு வழக்கம் இருந்தால், நடுவில் சுவரோ கம்பிவேலியோ இருந்தால், அதை எடுப்பதற்குத் தீர்மானம் கொண்டுவாருங்கள். வழிமொழிய ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு போங்கள்.